செல்வி கேட்ட கொடி

போன வாரம் என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேன் வழி தவறிப் பண்ருட்டியில் போய் நின்ற கூத்தை எழுதியிருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பலர் சொன்னீர்கள். அந்த வேனைத் தேடிக்கொண்டு சைக்கிளில் ஓடிய என் தம்பி சேகர் இப்போது எங்கே இருக்கிறான் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

அவன் இல்லை. அவன் போன கதையை எழுதாமல் நைசாகத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். விடமாட்டேன் என்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் இந்த வாரம் சிரிப்பு கிடையாது.

மைதானத்தில் வந்த போன்

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பள்ளிகளுக்கு இடையே போட்டி நடந்துகொண்டிருந்தது. நான் உடற்பயிற்சி ஆசிரியை. வெயிலில் தொப்பியும் வாயில் விசிலுமாக, தொடரோட்டத்துக்குப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக் கோடு காலில் பட்டு அழிந்துவிட்டதென்று ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

சேகர் கூட வேலை செய்கிறவராம். சேகரை அடித்துவிட்டார்கள், பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்றார். மறுபடி கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

அடித்துவிட்டார்கள் என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வேன்? அவன் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்த நேரம். யாரோடாவது வாய்த்தகராறு, கைகலப்பு, சட்டை கிழிந்திருக்கும், உதடு வீங்கியிருக்கும் என்று நினைத்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பதைத் தொடப்போகிற ஆளுக்கு அடிதடி என்ன வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் எனக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. முதலில் என் கண்ணில் பட்டது சட்டைதான். உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப் போட்டிருந்தான். தையலும் நூலும் பிசிறு பிசிறாகத் தெரிந்தன.

"எரும, ஒரு சட்டையக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதா ஒனக்கு?" என்றேன். சத்தமாகவே சொன்னேன். என் குரல் உங்களுக்குத் தெரியாது, மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கும்.

அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பக்கம் சுற்றிப்போய் அவன் தலையைப் பார்த்தேன். இடது காதுக்கு மேலே என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

செத்துப்போனவனைத் திட்டியிருக்கிறேன். அந்த அம்மாள் வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைக்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை.

தண்ணீருக்கு வேலைநிறுத்தம் கிடையாது

அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்துக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அது புரியாது.

எங்கள் பக்கத்துச் சுரங்கம் திறந்த சுரங்கம். மேலிருந்து எட்டிப் பார்த்தால் ராட்சத இயந்திரம்கூடப் பொம்மையாகத் தெரியும், அவ்வளவு ஆழம். அடியில் ஊற்று. இராப்பகலாக மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தண்ணீர் ஏறிவிடும். சுரங்கம் மூழ்கிவிட்டால் அப்புறம் யாருக்கு வேலை, எதற்கு நிரந்தரம்?

அதனால் எந்த வேலைநிறுத்தம் வந்தாலும் பம்புக்காரர்கள் மட்டும் கீழே இறங்குவார்கள். சங்கமே அனுப்பி வைக்கும். சம்பளம் வாங்க மாட்டார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பெரிய கேட் வழியாக, எல்லார் கண்ணெதிரிலும் நடந்துதான் போவார்கள். நான் வேலைக்குப் போகவில்லை, தண்ணீர் இறைக்கப் போகிறேன் என்று அதற்கு அர்த்தம். கேட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வழி விடுவார்களாம். யார் ஆரம்பித்த வழக்கம் என்று சேகருக்கே தெரியாது.

அவன் பம்புக்காரன். வாழ்நாளில் பாதி அந்தக் குழியின் அடியில்தான் நின்றான். லீவுக்கு என் வீட்டுக்கு வந்தால், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே மாடித் தொட்டியில் எவ்வளவு இருக்கிறதென்று சொல்லுவான். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் விட மாட்டான்.

கொத்சில் விழுந்தவன்

செல்வியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அவளுடையதுதான்.

அவள் சிதம்பரத்துப் பெண். அவள் அப்பா ரயிலடிப் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தார். யாரோ நண்பன் கல்யாணத்துக்குப் போன சேகர், காலையில் அந்தக் கடையில் இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் சாப்பிட்டிருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சிதம்பரம் போனான். அதற்கடுத்த ஞாயிறும் போனான். நடராஜர் மேல் திடீரென்று பக்தி வந்துவிட்டதென்று எங்கள் அம்மா நம்பினார். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். கொத்சு ஊற்றுகிற பெண்ணைப் பார்த்ததும் பக்தி விளங்கிவிட்டது.

செல்வி அதிகம் பேச மாட்டாள். நான் கத்துவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், கடைசியில் அவள் சொன்னபடிதான் நடக்கும். எங்கள் வீட்டில் அது எழுதாத சட்டம். அவர்களுக்கு ஒரு மகள், அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

செல்வி அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் கதறவில்லை. அவனைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். வெளியே வந்து, கூட வந்த பம்புக்காரரிடம், "யாரு?" என்று ஒரு சொல் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம ஆளுங்கதான்" என்றார்.

தார்ப்பாய் வேன்

நடந்தது இதுதான். நிர்வாகம் வெளி மாநிலத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பின்பக்க கேட் வழியாக, தார்ப்பாய் மூடிய வேனில் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்து அன்று ஒரு கூட்டம் பின்பக்கம் போய்க் காத்திருந்தது. வேன் வெளியே வந்ததும் கல் வீசினார்கள். தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் தலையில் ஒரு கல் பட்டது. வேன் நின்றது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் என் தம்பி.

போலீஸ் அடித்தது என்றாலோ, அடியாள் அடித்தான் என்றாலோ யாரைச் சபிப்பது என்று தெரியும். இவர்கள் அவனோடு ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவர்கள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி சாயங்காலம் வந்தது. பம்புக்காரன் நடந்துதானே வருவான், இவன் ஏன் வெளியாட்கள் வேனில் வந்தான் என்று ஒருவர் கேட்க ஆரம்பித்து, பொழுது சாய்வதற்குள் அது கேள்வியாக இல்லாமல் பதிலாகவே மாறிவிட்டது. சேகர் நிர்வாகத்தோடு பேசி முடித்துவிட்டான், வேனில் ஆட்களைக் கூட்டி வந்ததே அவன்தான், அவன் கருங்காலி. போன் போனாகப் பறந்தது. வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனுக்குச் சுரங்கத்தில் கொடுக்கிற பெயர் அது. அதற்கு மேல் ஒரு கெட்ட வார்த்தை அங்கே கிடையாது.

சங்கத்தில் ஒருவர் செத்தால் கொடி போர்த்துவார்கள். சாதாரணக் காய்ச்சலில் செத்தவருக்கும் உண்டு. என் தம்பிக்கு ஒருவரும் கொண்டு வரவில்லை.

வாங்க மாட்டேன்

மறுநாள் காலை உடலைத் தருகிறோம் என்றார்கள். செல்வி பிணவறைக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வாங்க மாட்டேன் என்றாள்.

இந்த மாதிரிச் சாவுகளில் உடலை வாங்க மறுப்பது நம் ஊரில் புதிதில்லை. தாசில்தார் வந்தார், போலீஸ் அதிகாரி வந்தார். என்ன கோரிக்கை என்று கேட்டார்கள். யாரைக் கைது செய்ய வேண்டும், நிர்வாகம் என்ன செய்ய வேண்டும், சொல்லும்மா என்றார்கள். அவர்களுக்குப் பழகிப்போன வேலை.

"ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கல சார். சங்கத்துலேருந்து வந்து கொடி போத்தட்டும், எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

தாசில்தார் விழித்தார். அவர் பேனாவைத் திறந்துகொண்டு வந்திருந்தார், மூடிப் பையில் போட்டுக்கொண்டார். சங்கத்துக்கு எதிராக உடலை வாங்க மறுத்த ஒருத்தியை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். நானும் பார்த்ததில்லை.

எனக்கே பொறுக்கவில்லை. தம்பியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒரு துணிக்காக உட்கார்ந்திருப்பதா, கொண்டுபோய் அடக்கம் பண்ணலாம் வா என்று அவளிடம் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்த பிறகு, "அவுரு போய்ட்டாரு அண்ணி. எம்பொண்ணு இருக்கா. இன்னிக்கு இப்பிடியே பொதைச்சிட்டா, நாளைக்கி அவ கருங்காலி மவதான்" என்றாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கட்டுப் போட்ட கால்

உட்கார்ந்தே இருக்க எனக்கு வராது. அந்த வேனில் இருந்த ஒரு வெளியூர்க்காரர், கால் முறிந்து அதே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தரை துடைக்கிற அம்மாள்தான் சொன்னார். அவரைப் பார்த்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று மேலே ஏறினேன்.

பிகாஷ் என்று பெயர். ஒடிசாக்காரர், என் தம்பி வயதுதான் இருக்கும். விளையாட்டு முகாம்களில் பொறுக்கிய இந்தியில் கேட்டேன். அவரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எங்கே வேலை, எதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எதுவும் தெரியாமல் ரயிலேறி வந்தவர். பம்புப் பக்கம் குழாய் தூக்கும்போது சேற்றில் வழுக்கி, குழாய் காலில் விழுந்துவிட்டது. மற்ற பம்புக்காரர்கள் அதற்கு முன்பே மேலே போய்விட்டார்களாம். கடைசி மோட்டாரைப் பார்த்துவிட்டு வருவதற்காகச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் நின்றிருந்தார். அவர்தான் குழாயை நெம்பி எடுத்து, முதுகில் தூக்கிக்கொண்டு வந்து வேனில் கிடத்தினார். இறங்கப் போனவரை இவர் விடவில்லை. வலியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏதோ தமிழில் திட்டிவிட்டு, தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு படபடவென்று சத்தம் கேட்டது. அந்த அண்ணன் தன் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்தார், தன் மேல் கல் படாமல் மறைத்துக்கொண்டார் என்று பிகாஷ் சொன்னார். சொல்லிவிட்டு, அவர் எப்படி இருக்கிறார், அடி ஒன்றும் பலமில்லையே என்று என்னைக் கேட்டார்.

இவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

செயலாளர் சொன்னது

சங்கச் செயலாளர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர் என்று நினைத்திருந்தேன், இப்போதும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டீக்கடை மாடியில் வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தவரைப் போய்ப் பிடித்து, பிகாஷ் சொன்னதையெல்லாம் கொட்டினேன். இனி கொடி வந்துவிடும் என்று நினைத்த பைத்தியக்காரி நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேகர் அப்படிப்பட்டவன் இல்லை என்று தனக்கும் தெரியும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவன் கருங்காலின்னா, அது ஆத்தரத்துல வுழுந்த கல்லு டீச்சர். இல்லன்னா கொல. கல்லு வுட்டவன் யாருன்னு கேப்பாங்க. அத்தோட போராட்டமே முடிஞ்சிடும். எத்தினி குடும்பம் இருக்குது, யோசிங்க."

அதாவது, இவர்களுக்கு என் தம்பி கருங்காலியாக இருந்தே ஆக வேண்டும். உயிரோடு இருந்தவரை அவர்களுக்காகச் சம்பளமில்லாமல் தண்ணீர் இறைத்தவன், செத்த பிறகு இந்த வேலையையும் அவர்களுக்குச் செய்து தர வேண்டும்.

தலையில் கல் விழுந்தது ஒரு சாவு. இது இன்னொன்று. இரண்டாவதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. நான் அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்று நினைவில்லை. கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து மாடியைப் பார்த்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பழனி

அடுத்த நாள் காலை, வேப்பமரத்தடிக்குப் பழனி வந்தான். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. சேகரை மாமா மாமா என்று சுற்றி வருவான். செல்வி வீட்டில் கொத்சு வைத்தால் மணம் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான் என்று சேகர் கேலி செய்வான். ஆறுதல் சொல்ல ஒருவனாவது வந்தானே என்று நான் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன்.

அவன் உட்காரவில்லை. செல்விக்கு முன்னால் நின்று, "கல்லு என்னுதுக்கா" என்றான்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்தேன். அவனை அடிப்பதற்குத்தான் எழுந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. செல்வி என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

உள்ளே யார் என்று தெரியாது, தார்ப்பாய்தான் தெரிந்தது, எல்லாரும் வீசினோம், ஆனால் அந்தக் கல் தன்னுடையது, விழுந்ததைப் பார்த்தேன் என்றான். சங்கத்தில் எல்லாருக்கும் தெரியுமாம். வாயைத் திறக்காதே என்று வீட்டிலேயே உட்கார வைத்திருந்தார்களாம். பஸ் பிடித்து வந்திருக்கிறான். பேசும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே பேசினான்.

பிகாஷ் சொன்னதையெல்லாம் அவன் மேல் கொட்டினேன். செல்வி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "என்கிட்ட சொன்னா ஆச்சா? கேட்டுல போய் சொல்லு" என்றாள்.

போனான். போக மாட்டான், ஓடிவிடுவான் என்று நான் நினைத்தேன். மத்தியானம் ஒருவர் போனில் வீடியோ காட்டினார். கேட்டில் கூட்டம், மேடையில் மைக் முன்னால் பழனி. "சேகரு மாமா கருங்காலி இல்ல. அடிபட்ட ஆளத் தூக்கினு வந்தாரு. கல்லு நான் வுட்டது." யாரோ மைக்கைப் பிடுங்கினார்கள். மைக் இல்லாமலே அதைத் திருப்பித் திருப்பிக் கத்தினான்.

சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பம்புக்காரர்கள், பெல்ட்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று நிற்க இடமில்லை. பழனியும் வந்தான். இரண்டு போலீஸ்காரர்கள் கொஞ்சம் தள்ளி அவனுக்காகக் காத்திருந்தார்கள். அடக்கம் முடியட்டும் என்று அவர்களிடம் கேட்டுக்கொண்டானாம்.

செயலாளர் மடித்த கொடியோடு முன்னால் வந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்தார்கள். அவர் கொடியை விரிக்கப் போகும்போது செல்வி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பழனியிடம் நீட்டினாள்.

"நீ போத்து."

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வாங்கினான். விரிக்கும்போது கொடி ஒரு பக்கம் சரிந்தது. காலிலிருந்து மேலே இழுத்துக்கொண்டு வந்தவன் கழுத்துக்கு வந்ததும், கண்ணை மூடிக்கொண்டு முகத்தையும் சேர்த்து மூடப் போனான்.

"மூஞ்ச மூடாத" என்றாள் செல்வி.

அவன் கண்ணைத் திறந்தான். என் தம்பி முகத்துக்கும் அவன் முகத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அப்படியே குனிந்து நின்றவனை இரண்டு பேர் பிடித்துத்தான் நிமிர்த்தினார்கள்.

சுற்றி நின்ற பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். கணவனைக் கொன்றவனை மன்னித்த மகராசி என்று யாரோ சொன்னார். பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லையே என்று கூசிப்போய் அவளோடு வண்டியில் ஏறினேன்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, பெட்டியின் மேல் கை வைத்திருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிட்டேன்னு பேசிக்கிறாங்க அண்ணி. நான் எங்க மன்னிச்சேன்? அவன் ஜெயிலுக்குப் போவான், திரும்பி வருவான், கல்யாணம் கட்டுவான். இந்த மூஞ்ச மட்டும் கிட்டக்கப் பாத்துட்டுப் போவட்டும்னுதான் குடுத்தேன்."

சொல்லிவிட்டு, கொடி சுருங்கியிருந்த இடத்தை நீவி விட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் பழனியை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால், அந்த வலி அன்றைக்கே அவனுக்கு ஆறியிருக்கும்.